மாடி ரூம் பாய்

எங்கள் பிளாட்டின் மொட்டை மாடியில் ஒரு ரூம் இருக்கிறது. கட்டியவர் அதை வாட்ச்மேனுக்கு என்று கட்டினார். இருப்பதே நான்கு வீடு, இதற்கு எதற்கு வாட்ச்மேன் என்று நாங்கள் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. பல வருஷமாக அதில் உடைந்த நாற்காலிகளும் என் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஸ்டாரும்தான் குடியிருந்தன. இப்போது அங்கே பாட்சா பாய் இருக்கிறார். அவருடைய சொந்த வீடு அதற்கு நேர் கீழே, முதல் மாடியில், என் வாசலுக்கு எதிர் வாசல். அந்த வீட்டில் அவர் மனைவி நூர் பீவி இருக்கிறாள்.

இரண்டு பேருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் நான் என்றைக்கோ தீர்த்து வைத்திருப்பேன். இரும்புலியூரில் எங்கள் தெருவில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் முதலில் கூப்பிடுவது போலீஸை அல்ல, இந்த தனத்தைத்தான். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள். ஆனால் இது என் வாய்க்கு அடங்குகிற சங்கதி இல்லை.

பாய்க்கு முடிச்சூர் ரோட்டில் கடை. பைக்குக்கும் ஆட்டோவுக்கும் சீட் கவர் தைப்பார். ஆள் குள்ளம், பேச்சு நீளம். படியேறும்போதே ரெக்சின் வாடையும் பசை வாடையும் அவருக்கு முன்னால் ஏறி வரும். கையில் கட்டிக்கொடுத்த சாப்பாடு இருக்கும், இருந்தும் மத்தியானம் தவறாமல் வீட்டுக்கு போன் செய்து, "நூரு, சாப்ட்டியா? இன்னா கொயம்பு?" என்று கேட்பார். அவள் செய்து கட்டிக்கொடுத்த குழம்பை அவளிடமே கேட்கிற மனுஷர். அவளும் சளைக்காமல் "மச்சான், அதே குழம்புதான் மச்சான்" என்று சிரிப்பாள். அவர்கள் பக்கம் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம், பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இன்னும் அந்தக் கொஞ்சல். அந்தச் சிரிப்பு சுவர் தாண்டி என் சமையலறைக்குக் கேட்கும்.

எனக்குப் பொறாமையாக இருக்கும். மறைப்பானேன்? என் வீட்டுக்காரர் யேசுதாசன் ரயில்வேயில் இருந்த காலம் முழுக்க எனக்கு போன் செய்தது சாவி எங்கே என்று கேட்கத்தான். ஒருநாள் இதைச் சொல்லிக் காட்டினேன். "எதிர்லயே இருக்கறப்ப எதுக்குடி போனு?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில், வண்டலூரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு பேரும் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தேங்கி நின்றதில் பள்ளம் தெரியவில்லை. வண்டி ஏறி இறங்கியதில் பின்னால் இருந்த நூர் தூக்கியெறியப்பட்டு மல்லாந்து விழுந்தாள். பாய் ஹெல்மெட் போட்டிருந்தார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு ஹெல்மெட் இல்லை. நம் ஊரில் பின்னால் உட்காருகிற பெண்ணுக்கு எவன் ஹெல்மெட் வாங்கிக் கொடுக்கிறான்? ஆஸ்பத்திரி வராண்டாவில் அந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பாய் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் எனக்குக் கண்ணை விட்டுப் போகவில்லை. மண்டைக்குள் வலது பக்கம் ரத்தக் கசிவு என்று ஆபரேஷன் செய்தார்கள்.

பிழைத்துவிட்டாள். கர்த்தர் கண் திறந்தார் என்று நான் சர்ச்சில் சாட்சி கூடச் சொன்னேன். கண் விழித்ததும் என்னைத் தெரிந்தது. மகள் சோயாவைத் தெரிந்தது. பொழிச்சலூரில் சோயா வீட்டில் கேஸ் தீர்ந்துபோயிருந்தது வரைக்கும் ஞாபகம் இருந்தது. பேச்சு சுத்தம். இடது கையில் மட்டும் கொஞ்சம் நடுக்கம். ஐ.சி.யூவிலும் சரி, பிறகு பெண்கள் வார்டிலும் சரி, பாயை அதிக நேரம் விடவில்லை. விட்டபோதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அதனால் வீடு வந்து சேரும்வரை ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான்தான் ஆரத்தி மாதிரி ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றேன். சோயா தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தாள். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு பாய். நூர் சோபாவில் உட்கார்ந்தாள். பாய் எதிரே வந்து நின்று, "இன்னா நூரு, வூடு எப்டி கீது?" என்றார்.

அவள் சட்டென்று முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். சோயாவிடம் மெதுவாக, "யாரும்மா இவர்? உள்ள வரைக்கும் வந்துட்டாரு. உங்க அத்தா எங்க?" என்று கேட்டாள்.

பாய் சிரித்தார். விளையாடுகிறாள் என்று நினைத்தார். நானும் சிரித்தேன். அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, உள் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்ட பிறகுதான் எங்கள் சிரிப்பு நின்றது.

அவர்கள் வழக்கத்தில் அன்னிய ஆண் முன்னால் பெண் நிற்கமாட்டாள். நூர் அதில் ரொம்பக் கறார். கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் முன்னால் கூட வரமாட்டாள். நான் போய் வாங்கி வைப்பேன். இப்போது கட்டின புருஷனும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டார். அவர் ஹாலில் இருந்தால் அவள் உள்ளே. அவர் சமையல் கட்டுக்கு வந்தால் அவள் பால்கனியில். நான் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். போட்டோவில் இருக்கிறவர் மச்சான் என்று தடவிக்கொடுத்தாள். அப்போ வெளியே இருக்கிறவர்?

"அச்சு அசல் மச்சான் மாதிரியே இருக்கார் தனக்கா. மூக்கு, மீசை, அந்தப் பசை வாடை கூட. ஆனா அவர் இல்ல."

"எப்படிடி சொல்ற?"

"மச்சானப் பாத்தா எனக்கு இங்க ஒண்ணு ஆவும்" என்று நெஞ்சைத் தொட்டாள். "இவரப் பாத்தா ஒண்ணும் ஆவலியே."

டாக்டர் சின்னப் பெண்தான், என் மகள் வயது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். ஒரு முகத்தைப் பார்க்கும்போது மூளைக்குள் இரண்டு வேலை நடக்கிறதாம். ஒரு பக்கம், இது இன்னார் என்று அடையாளம் சொல்லுமாம். இன்னொரு பக்கம், அவரைப் பார்த்ததும் மனசில் எழுகிற அந்தப் பாசத்தைக் கொண்டுவந்து சேர்க்குமாம். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் நம் ஆள் நம் ஆளாகத் தெரிவார். நூருக்கு அடிபட்டதில் அந்த இரண்டாவது வழி அறுந்துபோய்விட்டது. முகம் சரியாக இருக்கிறது, ஆனால் வரவேண்டியது வரவில்லை. இந்தக் குறையை மூளையால் சும்மா விட முடியாது. ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். அதனால், இவர் வேறு யாரோ என்று தானே ஒரு கதை கட்டிக்கொள்கிறது.

"அப்ப எங்களயெல்லாம் தெரியுதே டாக்டர்?" என்று சோயா கேட்டாள்.

"ரொம்ப நெருக்கமானவங்க விஷயத்துலதான் பெரும்பாலும் இப்படி ஆகும். அங்கதானே அந்த வித்தியாசம் பளிச்சுனு தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. இதே அடி எனக்குப் பட்டிருந்தால், யேசுதாசனைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. வழக்கம்போலத்தான் இருக்கிறது என்று காபி போட்டுக் கொடுத்திருப்பேன்.

சரியாகுமா என்று பாய் கேட்டார். பயத்தைக் குறைக்க மாத்திரை உண்டு, சில பேருக்கு நாளாக ஆகக் குறையும், சில பேருக்கு அப்படியே நின்றுவிடும் என்றாள் டாக்டர். "அவங்ககிட்ட வாதாடாதீங்க. நிரூபிச்சுக் காட்டறேன்னு இறங்காதீங்க. அது மட்டும் வேண்டாம்." பாய் தலையை ஆட்டினார்.

அந்த போன் சமாச்சாரம் தற்செயலாக நடந்தது. மறுபடி கடையைத் திறந்த அன்றைக்கு, மத்தியானம் பழக்க தோஷத்தில் பாய் வீட்டுக்கு போன் போட்டுவிட்டார். நான் அப்போது நூர் பக்கத்தில்தான் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போனை எடுத்தவள், "மச்சான்!" என்று ஒரு சத்தம் போட்டாள். கீரையெல்லாம் தரையில். "மச்சான், எங்க போயிட்டீங்க? என்னை விட்டுட்டு எங்க போயிட்டீங்க மச்சான்?" என்று அழுகிறாள், சிரிக்கிறாள், போனுக்கு முத்தம் கொடுக்கிறாள்.

பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். வாசலில் அவர் தலையைப் பார்த்ததும் அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குரல் வேறு வழியாகப் போகிறது, அந்த வழி அறுபடவில்லை என்று டாக்டர் பிறகு சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. மூளையாவது மண்ணாங்கட்டியாவது! கையில் அள்ளினால் வழிந்துவிடுகிற ஒரு பிடிச் சதை. அது ஒரு மனுஷனை இரண்டாகக் கிழித்து, குரலை ஒரு பக்கமும் உடம்பை ஒரு பக்கமும் வீசுகிறது. கேட்பாரில்லை.

அன்று சாயங்காலம் பாய் மொட்டை மாடிக்கு வந்து அவளுக்கு போன் போட்டார். நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். "எங்க இருக்கீங்க மச்சான்? சொல்லுங்க, எங்க இருக்கீங்க?" என்று அவள் கேட்பது எனக்கே கேட்டது. அவர் முழித்தார். அந்த நேரம் பார்த்து மீனம்பாக்கம் போகிற பிளேன் ஒன்று தலைக்கு மேலே இறங்கிப் போனது. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "துபாய்ல கீறேன் நூரு" என்றார்.

நான் துணியைக் கீழே போட்டேன். அவர் பாட்டுக்கு அளந்துகொண்டே போனார். கார் சீட் தைக்கிற கம்பெனி, திடீரென்று விசா வந்தது, நீ ஆஸ்பத்திரியில் மயக்கமாக இருந்தாய், சொல்ல முடியவில்லை. அவள் நம்பிவிட்டாள். ஏன் நம்பமாட்டாள்? அவள் அக்கா புருஷன் சவுதியில் பாதி ஆயுளைக் கழித்தவர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒவ்வொரு காலத்தில் அங்கே போய் வந்தவர்கள். புருஷன் என்றால் போனில் வருகிற ஒரு குரல் என்று குடும்பம் நடத்திய பெண்கள் அவள் வீட்டில் ஒருத்தி இரண்டு பேரா? இப்போது தன் முறை வந்தது என்று எடுத்துக்கொண்டாள். துபாயிலிருந்து பேசுகிறவரின் போன் அதே பழைய நம்பரிலிருந்துதான் வருகிறது என்பதை அவள் யோசிக்கவே இல்லை. வீடியோ காலில் வரச் சொன்னாள். அங்கே அதெல்லாம் எடுக்காது என்று சமாளித்தார்.

"அப்ப வூட்ல இருக்கறாரே, அவர் யாரு மச்சான்?"

"அவரா... நான் அனுப்புன ஆளும்மா. நல்ல மன்ஷன். மாடி ரூம்ல இருந்துகினு உனக்கு ஒத்தாசையா இருப்பாரு."

இப்படித்தான் பாட்சா பாய் தன் வீட்டிலேயே மாடி ரூம் பாய் ஆனார். உடைந்த நாற்காலிகளை நானும் அவருமாக ஒதுக்கினோம். ஒரு கோரைப்பாய், ஒரு தலையணை, ஆணியில் அந்த ஹெல்மெட். வண்டியை விற்றுவிட்டார், ஹெல்மெட்டை மட்டும் விடவில்லை. காலையில் காய்கறி வாங்கி வாசலில் வைப்பார். அவர் படியேறிய பிறகு நூர் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவாள். மத்தியானம் கடையிலிருந்தும், சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தும் போன் செய்வார். பிளேன் போகும்.

"அங்கயும் பிளேன் சத்தமா மச்சான்? இங்கயும் இப்பத்தான் ஒண்ணு போச்சு."

"நம்ம ரூம் ஏர்போர்ட்டாண்டதான் கீது நூரு."

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் அவள் போனில் உத்தரவு கேட்பாள். அன்னிய ஆளோடு ஆட்டோவில் எப்படிப் போவது? மச்சான் சொன்னால் போகிறேன், தனக்காவும் கூட வரட்டும். போய்ட்டு வா, நான் சொல்றேன் என்று மாடியிலிருந்து அனுமதி கொடுத்துவிட்டு, கீழே வந்து ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். எனக்குச் சில நாள் சிரிப்பு வரும். சோயாவுக்கு வராது. "அத்தா, இது ரொம்ப நாள் ஓடாது. டாக்டர் என்ன சொன்னாங்க? நீங்க பாட்டுக்கு கதைய வளர்த்துக்கிட்டே போறீங்க" என்று கத்துவாள். பாய் போனை எடுத்துக்கொண்டு மாடியேறிவிடுவார். அந்தப் போனில் அவருக்கு மனைவி கிடைத்துக்கொண்டிருந்தாள். அதை விட அவருக்கு மனசு வரவில்லை.

ஆனால் மனுஷனுக்குப் பாதி கிடைத்தால் போதாது. வரவர பாயின் முகம் கருத்தது. சாப்பாட்டுத் தட்டோடு நான் மாடிக்குப் போனால், "அவ இன்னா பண்றா?" என்பார். உங்களோடு பேசி முடித்துவிட்டுப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தலை சீவுகிறாள் என்பேன். ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"தனக்கா, அவன்ட்ட பேசறப்ப அவ எப்டி சிரிக்கிறா பாத்தியா? என்ட்ட ஒரு நாள் அப்டி சிரிச்சிருக்காளா இப்ப?"

"யார்ட்ட பாய்?"

"துபாய்காரன்ட்டதான்."

நீங்கதானே அவன், பைத்தியமா உங்களுக்கு என்று கேட்க நாக்கு வரை வந்தது. ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்குப் பொறாமையா கீதுக்கா. என் மேலயே" என்றார்.

நோன்புப் பெருநாள் வந்தது. அவள் போனில் தினமும் ஒரே பல்லவி: பெருநாளைக்கு லீவு போட்டுட்டு வாங்க மச்சான். பாய் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். துபாய்காரன் ஊருக்கு வருவான். குரலையும் உடம்பையும் பிரித்தது மூளை என்றால், இரண்டையும் ஒன்றாக நடத்திக் கொண்டுபோய் வாசலில் நிறுத்துவது. குரல் படி ஏறும்போதே அவள் கேட்டுக்கொண்டிருப்பாள், கேட்டுக்கொண்டிருக்கும்போதே முகத்தைப் பார்ப்பாள், ஒட்டிக்கொள்ளும். இதுதான் அவர் கணக்கு. நிரூபிக்க இறங்காதீர்கள் என்று டாக்டர் சொன்னாளே என்றேன். "டாக்டருக்கு நூரத் தெரியுமா? எனக்குத் தெரியும்" என்றார்.

தாம்பரம் மார்க்கெட்டில் பாரின் சாமான் விற்கிற கடையில் எல்லாம் வாங்கினார். கம்பளி, சென்ட், கோடாலித் தைலம், பேரீச்சை, பாதாம். வளைகுடாவிலிருந்து வருகிறவன் என்னென்ன கொண்டுவருவானோ ஒன்று விடாமல். பொழிச்சலூரில் சோயா வீட்டில் பெட்டி கட்டினார்கள். முதலில் அழுதுகொண்டே தடுத்த சோயா, கடைசியில் தானே பெட்டியை அடுக்கி மேலே பெயரும் எழுதி ஒட்டினாளாம். விமானத்தில் வந்த பெட்டி மாதிரி கயிறு வேறு கட்டினார்களாம். ஆசை யாரை விட்டது?

பெருநாளுக்கு முதல் நாள். நான் நூரோடு இருந்தேன். மருதாணி வைத்து, தலை நிறையப் பூ வைத்து, கழுத்தில் நம் தாலி மாதிரி அவர்கள் கட்டுகிற கருகமணி மின்ன, கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். போன் காதில்.

"ஏர்போர்ட்டுக்கு வெளிய வந்துட்டேன் நூரு. டாக்சி ஏறிட்டேன்."

"பல்லாவரம் தாண்டிட்டோம்."

"குரோம்பேட்டைல சிக்னல்."

"சானடோரியம் வந்தாச்சு. எங்கயும் போகாத, வாசல்லயே நில்லு."

ஒவ்வொரு இடமும் வர வர அவள் என் கையை இறுக்கினாள். சொல்லக் கூடாது, நானும் நம்பினேன். கர்த்தரே, இந்த ஒரு தடவை என்று ஜெபம் பண்ணினேன். கீழே கார் கதவு சாத்துகிற சத்தம். பெட்டிச் சக்கரம் தரையில் உருளுகிற சத்தம். சென்ட் வாடை படியேறி வந்தது.

"வந்துட்டேன் நூரு. படி ஏறுறேன். இதோ."

வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் காதோடு போன். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. அவரைப் பார்த்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். பிறகு அவரைத் தாண்டி, எட்டி, படிக்கட்டில் கீழே பார்த்தாள்.

"மச்சான் பின்னால வர்றாரா பாய்?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "நான்தான் நூரு. என்னப் பாரு. நான்தான்" என்றார். அவள் காதில் இருந்த போனிலும் அது கேட்டது, எதிரே இருந்தவர் வாயிலும் அது கேட்டது. அவள் அவருடைய உதட்டைப் பார்த்தாள், கையிலிருந்த போனைப் பார்த்தாள், பெட்டியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள். அப்புறம் கத்த ஆரம்பித்தாள். "மச்சானை என்ன செஞ்சே? அவர் போனு உன் கையில எப்படி வந்துச்சு? மச்சானை என்ன செஞ்சே?" தெருவே கூடிவிட்டது. பாய் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெருநாள் ஆஸ்பத்திரியில் போனது. மாத்திரையைக் கூட்டினார்கள். சில வாரம் கழித்து அமைதியாகத் திரும்பி வந்தாள். கோபம் சுத்தமாகப் போயிருந்தது. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. மூளை மறுபடியும் ஒரு கதை கட்டி முடித்திருந்தது, இந்த முறை ஒரு ஓட்டை இல்லாமல்.

பாய்க்கு மனசு கேட்கவில்லை. மாடியிலிருந்து போன் செய்தார். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். எடுத்து, கொஞ்ச நேரம் கேட்டாள்.

"போதும் பாய்" என்றாள். "எனக்குப் புரிஞ்சுபோச்சு. மச்சான் இப்ப உசுரோட இல்ல, எப்பவோ மவுத்தாயிட்டாரு. எனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டேன்னு நீங்கதான் இத்தனை நாளும் அவர் மாதிரியே பேசி இருக்கீங்க. எனக்காக எவ்வளவு சிரமம் உங்களுக்கு. உங்களப் போய் அன்னிக்கு கன்னாபின்னானு பேசிட்டேன், மாப்பு கொடுங்க. அல்லாஹ் உங்களுக்குக் கூலி கொடுப்பான். இனிமே போன் பண்ணாதீங்க. நான் இத்தா இருக்கப்போறேன்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, கருகமணியின் கொக்கியைக் கழற்றிவிடச் சொன்னாள். நடுங்குகிற கைக்கு வரவில்லையாம். "போடி, நான் மாட்டேன்" என்று கத்திவிட்டேன். சத்தியமாக அவளை ஒரு அறை அறையலாம் போல இருந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மெதுவாகத் தானே கழற்றி, சோயாவிடம் கொடுக்கச் சொல்லி என் கையில் வைத்தாள். வளையலைக் கழற்றினாள். வெள்ளைப் புடவைக்கு மாறினாள்.

நான் அதைச் சோயாவிடம் கொடுக்கவில்லை. நேரே மாடிக்குக் கொண்டுபோனேன். பாய் கையில் வாங்கி, ஒவ்வொரு மணியாகத் தடவிப் பார்த்தார். ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து, அதற்குள் அதை வைத்து, மறுபடி மாட்டினார்.

பள்ளிவாசல் ஹஜரத்திடம் போய்க் கேட்டார். இத்தா என்பது புருஷன் இறந்தால் மனைவி நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருப்பது. அலங்காரம் கூடாது, அன்னிய ஆண் பார்வை கூடாது. புருஷன் உயிரோடு இருக்கும்போது இத்தா ஏது என்று ஹஜரத் சொன்னார். "ஆனா அவங்களத் தடுக்காதீங்க பாய். புத்தி சரியில்லாதவங்க மேல குத்தம் இல்ல. நீங்க பொறுமையா இருங்க." எல்லாரும் அவருக்குக் கொடுத்தது இந்தப் பொறுமையைத்தான்.

அவள் இத்தா இருந்தாள். ஒரு குறை வைக்காமல் இருந்தாள். அந்த நாட்களில் பாய் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படி இறங்குவார், அன்னிய ஆள் காலடி அவள் காதில் விழக்கூடாதாம். நான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "கதவ உடைச்சுக்கிட்டு உள்ள போங்க பாய். உங்க வூடு, உங்க பொண்டாட்டி" என்றேன். "போய்? போயி இன்னா பண்றது? செத்தவன் போன மாதிரிதான் ஆவும்" என்றார். "போன்ல உசுரோட இருந்தேன். அத்த நானே கெடுத்துகினேன். எனக்குப் பத்தல. அவ்ளோதான் தனக்கா, எனக்குப் பத்தல."

அவர் இருமினால் கீழே அவளுக்குக் கேட்கும். "மாடி ரூம் பாய்க்குச் சளி போல. இந்தக் கஷாயத்தக் கொடுங்க தனக்கா" என்பாள். கஷாயத்தோடு மேலே போவேன். படியில் நின்று அழுதுவிட்டுத்தான் போவேன்.

இத்தா முடிந்த அன்று சோயா வந்திருந்தாள். நூர் குளித்து, தொழுது, தானே அடுப்படிக்குப் போனாள். நெய்ச்சோறும் தாள்ச்சாவும் செய்தாள். தாள்ச்சாவில் மாங்காய் போட்டாள், மச்சானுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று. இறந்தவர்களுக்காக ஓதுகிற யாசீனை அவர் பெயரில் ஓதினாள். ஜன்னல் திறந்திருந்தது, மாடிக்கு நன்றாகக் கேட்டிருக்கும். ஓதி முடித்து, முதல் தட்டைப் போட்டு, இன்னொரு தட்டால் மூடி என்னிடம் தந்தாள்.

"இத மாடி ரூம் பாய்க்குக் கொடுங்க தனக்கா. எனக்காக அவ்வளவு செஞ்சவர். சாப்ட்டுட்டு, மச்சானுக்காக ஒரு துஆ செய்யச் சொல்லுங்க."

எடுத்துக்கொண்டு போனேன். பாய் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். மூடியைத் திறந்ததும் வாசனையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. முதலில் சாப்பிடட்டும் என்று விட்டேன். அவரே தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

"மாங்கா போட்டுகீறா" என்றார். "உப்பு கரெக்டா கீது. கை மாறலக்கா அவளுக்கு."

அப்புறம்தான் மச்சானுக்காக ஜெபிக்கச் சொன்ன அந்த துஆ விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். எழுந்துபோய்க் கையைக் கழுவினார். தலையில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து, இரண்டு கையையும் ஏந்தினார்.

"யா அல்லாஹ்" என்றார். "பாட்சாவ மன்னிச்சுடு. அவன் அவசரப்பட்டுட்டான். அவன் எங்க இருந்தாலும் அவன் பொண்டாட்டியாண்ட கொண்டாந்து சேத்துடு."

நான் ஆமென் சொன்னேன். எங்களுக்கு ஆமென், அவர்களுக்கு ஆமீன். அன்றைக்கு எது என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது.

காலித் தட்டோடு கீழே வந்தேன். நூர் வாசலிலேயே காத்திருந்தாள்.

"சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு."

"துஆ செஞ்சாரா?"

"செஞ்சாரு."

தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பியவள் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நின்றாள்.

"பேர் சொல்லித்தானே செய்யணும்? மச்சான் பேரு அந்த பாய்க்குத் தெரியுமா தனக்கா?"

"தெரியும்" என்றேன்.